ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலியா?

சென்னை பாடியில் 24 வருடம் கார் ஒர்க் ஷாப் நடத்திய அனுபவத்தை வைத்து இந்தப் பக்கத்தில் பதில் எழுதிவருகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: புதிதாக மாற்றிய பாகம் வாரண்டிக்குள்ளேயே போய்விட்டால் லேபரும் மற்ற நஷ்டமும் யார் தலையில்? அந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் காருக்கு ஒன்பது வயது. கிளச் வழுக்குகிறது என்று வீட்டுப் பக்கத்து மெக்கானிக்கிடம் விட்டோம். அவரே ஸ்பேர்ஸ் வாங்கிவந்து கிளச் செட் முழுவதையும் மாற்றினார். பாகத்துக்கு 6,200, லேபர் 3,500, மொத்தம் 9,700 ரூபாய் கொடுத்தோம். நாலு மாதம், 3,800 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இப்போது கிளச்சை மிதித்தால் கரகரவென்று சத்தம். ரிலீஸ் பேரிங் போய்விட்டதாம். "பேரிங்கை கம்பெனியில மாத்திக் கொடுத்துடுவாங்கம்மா, அதுக்குக் காசு வேணாம். கியர் பாக்ஸை மறுபடி இறக்கணும், லேபர் மட்டும் 3,500 கொடுத்துடுங்க" என்கிறார். பத்து வருடப் பழக்கம், நல்ல மனிதர். சண்டை போட மனம் வரவில்லை. ஆனால் எந்தத் தப்பும் செய்யாத நாங்கள் எதற்கு இரண்டாவது தடவை கொடுக்க வேண்டும்?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் ஓட்டுதலில் கோளாறு இல்லை என்றால் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை, அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் அப்புறம்.

கிளச்சை மிதிக்கும்போது அழுத்தி அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், உள்ளங்கையில் அடங்கும் சாமான். சின்ன கார்களுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் விலை இருக்கும். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில். அதைத் தொடவேண்டும் என்றால் பேட்டரியை எடுத்து, கியர் ஆயிலை வடித்து, டிரைவ் ஷாஃப்ட்டுகளை உருவி, மவுன்ட்டிங்குகளைக் கழற்றி, கியர் பாக்ஸை இறக்க வேண்டும். இரண்டு ஆளுக்கு அரை நாள் வேலை. இந்தப் பாகத்தில் பொருளின் விலை கொஞ்சம், கூலிதான் பெரிது. அதனால் "பேரிங் இலவசம்" என்பது காதுக்கு இனிமையாக இருக்கிறதே தவிர, உங்கள் செலவில் முக்கால் பங்கு அப்படியே நிற்கிறது.

நீங்கள் அவரிடம் வாங்கியது ஒரு பேரிங்கை அல்ல. சத்தமில்லாமல் வேலை செய்யும் கிளச்சை வாங்கினீர்கள். அதற்கு 9,700 ரூபாயை முழுதாகக் கொடுத்துவிட்டீர்கள். அது நாலு மாதத்தில் நின்றுபோனால், மறுபடி வேலை செய்ய வைப்பது விற்றவரின் பொறுப்பு.

சட்டமும் இந்தப் பக்கம்தான். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆம் பிரிவு: எந்தத் தேவைக்கு என்று தெரிவித்து, விற்பவரின் அறிவை நம்பி வாங்கும் பொருள் அந்தத் தேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 73-ஆம் பிரிவு: ஒப்பந்தத்தை மீறினால், அதிலிருந்து இயல்பாக விளையும் நஷ்டத்துக்கு மீறியவர் ஈடு கொடுக்க வேண்டும். கிளச் பேரிங் கெட்டால் கியர் பாக்ஸை இறக்கவேண்டி வரும் என்பதைவிட இயல்பான விளைவு வேறு என்ன இருக்கிறது?

வக்கீல் நண்பர் ஒருவர் சொல்லி நான் தெரிந்துகொண்ட வெளிநாட்டு வழக்கு ஒன்றும் உண்டு. ஜெர்மனியில் ஒருவர் வீட்டுக்கு டைல்ஸ் வாங்கி ஒட்டிய பிறகு அதில் கருநிழல் தெரிந்தது. கடைக்காரர் பொறுப்பு புது டைல்ஸ் கொடுப்பதோடு முடிந்ததா, பழையதைப் பெயர்த்துப் புதியதை ஒட்டும் செலவும் அவருடையதா என்று கேள்வி. ஐரோப்பிய நீதிமன்றம் 2011 ஜூன் 16 அன்று, அந்தச் செலவும் விற்றவரையே சேரும் என்று சொல்லிவிட்டது. பாத்திரம் கழுவும் மெஷின் பற்றிய இன்னொரு வழக்கும் அதோடு சேர்த்தே தீர்க்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் டைல்ஸுக்குச் சரியாகப்படும் நியாயம் கிளச்சுக்கும் சரிதானே.

சரி, விற்றவர் யார்? உங்கள் விஷயத்தில் மெக்கானிக்தான். ஸ்பேர்ஸ் விற்கும் ஜி.பி. ரோடு கடைக்காரரை நீங்கள் பார்த்ததே இல்லை. பேரிங் கம்பெனியின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. பாகத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர், அதில் ஒரு லாபம் வைத்து 6,200 என்று போட்டவரும் அவர். அந்த லாபம் நியாயமானது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த லாபத்துக்குள் இந்தப் பொறுப்பும் அடங்கியிருக்கிறது.

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2008 என்று நினைவு. கால் டாக்ஸி டிரைவர் ஒருவரின் வண்டிக்கு வாட்டர் பம்ப் மாற்றினேன். இரண்டே மாதத்தில் ஒழுக ஆரம்பித்தது. அந்த வண்டியில் டைமிங் பெல்ட்டைக் கழற்றினால்தான் பம்ப் வெளியே வரும். ஸ்பேர்ஸ் கடையில் மறுபேச்சு இல்லாமல் புது பம்ப் கொடுத்தார்கள். நானோ லேபர் 1,200 ரூபாயை மறுபடி அவரிடமே வாங்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டி இரண்டு நாள் என் பட்டறையில் நின்றதில் அவருக்குப் போன வரும்படியை நான் கேட்கவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வாரண்டிக்குள் போன எந்தப் பாகத்தையும் தூக்கிப் போடமாட்டேன். ஒரு மரப் பெட்டியில், மாட்டிய தேதி, கழற்றிய தேதி, இரண்டு கிலோமீட்டர் கணக்கு, வண்டி நம்பர் நான்கையும் அட்டையில் எழுதிக் கட்டிப் போட்டு வைப்பேன். எட்டு மாதத்தில் ஒரே கம்பெனியின் பம்ப் ஐந்து சேர்ந்தன. ஐந்தையும் கடைக்காரர் மேஜையில் வரிசையாக வைத்தேன். அவர் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியை வரவழைத்தார். வந்தவர் அட்டைகளைப் படித்துப் பார்த்துவிட்டு, ஐந்து வண்டிக்கும் பாதி லேபரை, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் நோட்டாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பாதியாவது வந்ததே. ஒற்றைப் பாகத்தோடு போய் வாயால் கேட்டிருந்தால் அதுவும் வந்திருக்காது.

இதை உங்கள் மெக்கானிக்குக் காட்டுங்கள், அம்மா. அவரும் இதில் அடிபடுகிறவர்தான். கெட்ட பேரிங்கைத் தயாரித்தவர் ஆயிரம் ரூபாய்ப் பொருளைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறார். நடுவில் ஒரு பட்டறைக்காரர் அரை நாள் கூலியை இழக்கிறார், அல்லது அதை உங்கள் தலையில் ஏற்றுகிறார். அவர் கேட்க வேண்டிய இடம் உங்கள் வீட்டு வாசல் அல்ல, ஸ்பேர்ஸ் கடை.

ஆனால் ஒன்று. பேரிங் ஏன் போனது என்று முதலில் பார்த்தாக வேண்டும். கியர் பாக்ஸ் இறக்கும் நாளில் வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருங்கள். கழற்றியதும் கிளச் பிளேட்டைப் பாருங்கள். பிளேட் தடிமனாக, நாலு மாதப் பிளேட்டைப் போலவே இருந்து, பேரிங் மட்டும் சொரசொரவென்று சுற்றினால் உங்கள் ஓட்டுதலைக் குறைசொல்ல இடம் குறைவு. பிளேட்டும் கருகி வழவழவென்று மின்னினால், யாரோ கிளச்சில் காலை வைத்தபடியே ஓட்டுகிறார்கள். புரசைவாக்கம் நெரிசலில் பலருக்கும் இந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. அப்படியென்றால் வாரண்டி பேச முடியாது. மூன்றாவதாக, பேரிங் ஓடும் குழாய் தேய்ந்திருக்கிறதா, பேரிங்கைத் தள்ளும் கிளச் ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அவை பழையதாகவே விடப்பட்டு அதனால் புது பேரிங் போயிருந்தால், அது மாட்டிய கையின் தவறு. பேரிங்கும் லேபரும் அவருடைய செலவு, கம்பெனியையும் கேட்க முடியாது.

பேரிங்கில் பொறித்த எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளெய்முக்குக் கம்பெனி பழைய பாகத்தைக் கேட்கும், கொடுத்துவிட்டால் உங்களிடம் சாட்சி இருக்காது.

பில்லைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. துண்டுச் சீட்டாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வரவுள்ள பட்டறை ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. அதற்காக பில்லே கொடுக்காமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறைதான். இந்த முறையாவது பாகத்தின் பெயர், கம்பெனி, கிலோமீட்டர் எல்லாம் எழுதி வாங்கி, அடியில் "ஆறு மாதம், பாகமும் லேபரும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பத்து வருடப் பழக்கம் இந்த ஒரு வரியால் கெடாது.

அவர் ஒத்துவரவே மாட்டேன் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பிறகு 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம். கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், ஆன்லைனிலும் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் 3,500 ரூபாய்க்காகப் பழகிய மனிதரோடு அந்தப் படி ஏற வேண்டாம் என்பது என் எண்ணம். உட்கார்ந்து பேசினால் முடிகிற விஷயம் இது.

கேள்வி: ஏ.சி. கம்ப்ரஸர் ஜாம் ஆகிவிட்டது. புது கம்ப்ரஸருக்கு மெக்கானிக் 17,000 ரூபாய் சொன்னார். நானே ஜி.பி. ரோடு போய் 14,500-க்கு அதே கம்பெனி கம்ப்ரஸர் வாங்கிக் கொடுத்தேன். ஐந்து வாரத்தில் அதுவும் ஜாம். கடையில் வேறு கொடுத்துவிட்டார்கள். மெக்கானிக் லேபருக்கும் கேஸுக்கும் சேர்த்து மறுபடி 4,000 கேட்கிறார். கடைக்காரர், "நாங்க பொருளுக்கு மட்டும்தான் வாரண்டி" என்கிறார்.
– ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: உங்கள் கணக்கு பெரம்பூர் அம்மாவின் கணக்கு அல்ல. இங்கே பொருளை விற்றவர் ஒருவர், மாட்டியவர் இன்னொருவர். மெக்கானிக் சொன்ன கூடுதல் 2,500 ரூபாயில் அவருடைய லாபம் மட்டுமல்ல, பொருள் கெட்டால் தாங்க வேண்டிய பாரமும் இருந்தது. அதை நீங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். மாட்டியதில் தவறில்லை என்றால் அவருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

தவறு இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். பழைய கம்ப்ரஸர் ஜாம் ஆகும்போது உள்ளே உரசிய இரும்புத் தூள் குழாய், கன்டென்ஸர் எல்லாவற்றிலும் போய்ச் சேரும். அந்த லைனை ஃபிளஷ் செய்து கழுவாமல், ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரை மாற்றாமல், ஆயிலை அளவு பார்த்து ஊற்றாமல் புது கம்ப்ரஸரை மாட்டினால், அதே தூள் வந்து புதியதையும் தின்றுவிடும். ஐந்து வாரத்தில் இரண்டாவது கம்ப்ரஸரும் ஜாம் என்றவுடன் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வருகிறது. முதல் பில்லை எடுத்துப் பாருங்கள். ஃபிளஷிங், டிரையர் இரண்டும் அதில் இருக்கின்றனவா?

இல்லை என்றால், "இதை ஏன் செய்யவில்லை?" என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். வேண்டாம் என்று நீங்களே சொல்லியிருந்தால் ஒழிய, இரண்டாவது கூலி அவர் பொறுப்பு. மூன்றாவதும் போவதற்கு முன் இந்த முறை கட்டாயம் ஃபிளஷ் செய்யச் சொல்லுங்கள், டிரையரை மாற்றச் சொல்லுங்கள். கன்டென்ஸர் மெல்லிய துளைகள் உள்ள வகை என்றால் ஃபிளஷிங்கில் முழுதாகச் சுத்தமாகாது, அதையும் மாற்றுவதே நல்லது. செலவுதான், என்ன செய்வது.

இரண்டும் பில்லில் இருந்தால் மெக்கானிக் தன் வேலையைச் செய்திருக்கிறார். அவர் கூலியைக் கொடுத்துவிடுங்கள். அந்த இரண்டு பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், லேபரும் கேஸும் சேர்த்து 4,000 ரூபாயை எழுத்தில் கேளுங்கள். வாரண்டி அட்டையில் "பொருள் மட்டும்" என்று இருந்தால் முழுதாகக் கிடைப்பது கடினம். ஆனாலும் மேலே சொன்ன 73-ஆம் பிரிவு உங்களுக்கும் உண்டு. நானாக இருந்தால் பாதிக்காவது பேசிப் பார்ப்பேன்.

நேரில் போய் வாங்கினால் மலிவு என்று பலரும் நினைக்கிறார்கள். பிரேக் பேட், வைப்பர், பல்பு மாதிரி சுலபமாக மாட்டும் சாமான்களுக்கு அது சரி. கியர் பாக்ஸ் இறக்க வேண்டியது, கேஸ் எடுக்க வேண்டியது, டைமிங் பெல்ட் கழற்ற வேண்டியது எதையும் மெக்கானிக் மூலமாகவே வாங்குங்கள். பொருளும் கூலியும் ஒரே பில்லில் வரட்டும்.

கேள்வி: கம்பெனி சர்வீஸ் சென்டரில் பணம் கொடுத்து பவர் விண்டோ மோட்டார் மாற்றினேன். காரின் வாரண்டி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஐந்து மாதத்தில் மோட்டார் நின்றுவிட்டது. மோட்டார் இலவசம், லேபரும் ஜி.எஸ்.டி.யும் கட்டுங்கள் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: கட்டுவதற்கு முன் பழைய பில்லின் பின்பக்கத்தைப் படியுங்கள். பணம் கொடுத்து மாற்றிய பாகத்துக்குக் கார் கம்பெனிகள் தனி வாரண்டி தருவது வழக்கம். காலம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவர்களே மாட்டினால் லேபரும் சேர்த்து, கவுண்டரில் வாங்கிக்கொண்டு போனால் பாகம் மட்டும் என்பதுதான் நான் பெரும்பாலும் பார்த்தது. உங்கள் பில்லும் அப்படியே சொன்னால் சர்வீஸ் அட்வைசரோடு வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். ஒர்க்ஸ் மேனேஜரைப் பாருங்கள், அப்புறம் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு ஜாப் கார்டு எண்ணோடு மெயில் அனுப்புங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும்.

ஜி.எஸ்.டி. பற்றி: வாரண்டியில் இலவசமாகச் செய்யும் மாற்றத்துக்கு வாடிக்கையாளரிடம் வரி கிடையாது என்று 2023 ஜூலையில் வெளியான 195-ஆம் எண் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. தனியாக ஏதாவது கட்டணம் வாங்கினால் அந்தத் தொகைக்கு மட்டும்தான் வரி. லேபர் உங்களுடையது இல்லை என்றால் வரியும் உங்களுடையது இல்லை.

இன்னொரு விஷயம், குழம்பிவிட வேண்டாம். கார் வாரண்டி நடக்கும்போதே இலவசமாக மாற்றிய பாகம் என்றால் அதற்குப் புது வாரண்டி ஆரம்பிப்பதில்லை. காரின் மிச்ச வாரண்டி எவ்வளவோ அவ்வளவுதான்.

கேள்வி: சொந்தக் கார் ஒன்றை வைத்து கால் டாக்ஸி ஓட்டுகிறேன். மெக்கானிக் மாற்றிய ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) மூன்று மாதத்தில் போய்விட்டது. லேபரை அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனால் மூன்று நாள் வண்டி நின்றது. அந்த நஷ்டத்தைக் கேட்கலாமா? தொழிலுக்கு ஓட்டும் வண்டிக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது என்கிறார்களே?
– ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: அப்படிச் சொல்பவர்கள் சட்டத்தைப் பாதி படித்தவர்கள், தம்பி. வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் இல்லை என்பது உண்மை. ஆனால் சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அந்தச் சட்டமே விதிவிலக்குக் கொடுத்து, நுகர்வோர் என்று ஏற்கிறது. ஒரே வண்டி, ஓட்டுவது நீங்கள், குடும்பம் அதில்தான் ஓடுகிறது என்றால் நீங்கள் நுகர்வோர்தான். பத்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டினால் கதை வேறு.

கேட்பதற்கு முன் ஒன்று. மழைத் தண்ணீரில் வண்டியை இறக்கினீர்களா? ஆல்டர்னேட்டர் பல வண்டிகளில் தாழ்வாகத்தான் இருக்கிறது. தண்ணீர் ஏறியிருந்தால் பேரிங்கில் துரு தெரியும், அதற்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது. பேட்டரி பழசாகி ஆல்டர்னேட்டரை ஓயாமல் இழுத்திருந்தாலும் இதே பேச்சு வரும்.

இரண்டும் இல்லை என்றால், மெக்கானிக்கிடம் அல்ல, அவர் மூலமாகக் கம்பெனியிடம் கேளுங்கள். அவர் தன் கூலியை விட்டிருக்கிறார், அதற்கு மேல் அவரை நெருக்க வேண்டாம். நஷ்டத்தைக் காட்ட உங்களிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது: ஆப்பில் பதிவாகும் ட்ரிப் கணக்கு. வண்டி நிற்பதற்கு முந்தைய ஒரு மாதத்துக் கணக்கை எடுத்து, டீசல், கமிஷன் கழித்து ஒரு நாளைக்கு கையில் நின்றது எவ்வளவு என்று போடுங்கள். அதை மூன்றால் பெருக்குங்கள். மெக்கானிக்கிடம் வண்டி உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி போட்டு கையெழுத்து வாங்குங்கள். கழற்றிய ஆல்டர்னேட்டரை இன்னும் கடைக்குக் கொடுக்கவில்லை என்றால், இன்றைக்கே அதன் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள்.